தன்னைப் புகழக் கற்றல்

தமிழ்நாட்டில் இன்று மிக அதிகம் பேர் எழுதும் தன்வரலாறு எது என்று கேட்டால், பொறியியல் மாணவர்களின் ரெஸ்யூம் என்றுதான் சொல்வேன். ஒரு பக்கம், மிஞ்சிப்போனால் இரண்டு. மூன்றாம் ஆண்டில் ஒருமுறை எழுதி, இறுதியாண்டில் நிறுவனங்கள் வளாகத் தேர்வுக்கு வரத் தொடங்கியதும் வாரத்துக்கு ஒருமுறை திருத்தி அனுப்பப்படும் பிரதி அது. அதை இலக்கியம் என்று யாரும் சொல்வதில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை. ஆனால் ஒரு பெண் தன்னைப் பற்றித் தானே எழுதி, முன்பின் தெரியாத ஒருவர் படிக்கட்டும் என்று அனுப்பும் முதல் எழுத்து பெரும்பாலும் இதுதான். பெண்ணெழுத்தைப் பற்றி இவ்வளவு பேசியிருக்கும் நாம் இந்த ஒரு பக்கத்தைப் பேசாமல் விட்டிருக்கிறோம்.

2022-23 கல்வியாண்டில் அண்ணா பல்கலைக்கழகம் 'தமிழர் மரபு', 'தமிழரும் தொழில்நுட்பமும்' என்ற இரண்டு பாடங்களைப் பொறியியல் முதலாண்டில் சேர்த்தது. தமிழ் படித்த எங்களில் பலர் பொறியியல் வகுப்பறைக்குள் நுழைந்தது அந்த வாசல் வழியாகத்தான். முதலாண்டில் திணைக் கோட்பாட்டையும் சோழர் காலத்துக் குமிழித்தூம்பையும் எங்களிடம் கேட்ட மாணவிகள், மூன்றாம் ஆண்டில் ரெஸ்யூமை நீட்டுகிறார்கள். "இங்கிலீஷ் சரியா இருக்கான்னு பாருங்க மேம்" என்பார்கள். டெம்ப்ளேட்டில் வந்த ஆங்கிலம் என்பதால் அது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அந்தப் பக்கத்தில் எழுதியவளைத்தான் காணோம். எழுதியவள் எப்படிக் காணாமல் போகிறாள், யார் அவளை அப்படி எழுதப் பழக்குகிறார்கள் என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

இரண்டு தாள்கள்

ரெஸ்யூமுக்கு முன்னால் நம் ஊரில் பயோடேட்டா இருந்தது. இன்னும் முழுதாகப் போய்விடவில்லை. பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, பாலினம், திருமணமானவரா இல்லையா, மதம், வகுப்பு, தெரிந்த மொழிகள், நிரந்தர முகவரி. கடைசியில் மேற்கண்டவை அனைத்தும் உண்மை என்று ஓர் உறுதிமொழி, இடம், நாள், கையொப்பம். அரசு விண்ணப்பப் படிவத்தின் பிள்ளை அது. தாளின் பெயர் ரெஸ்யூம் என்று மாறிய பிறகும், திருச்சியைச் சுற்றியுள்ள கல்லூரிகளின் மாணவிகள் எழுதும் தாள்களில் இந்த வரிகள் 'சொந்த விவரங்கள்' என்ற தலைப்பில் அடிப்பகுதியில் உட்கார்ந்திருக்கின்றன. மூத்த மாணவர் கொடுத்ததை அடுத்தவர் நகலெடுக்கிறார். கேட்காத நிறுவனத்துக்கும் அந்த விவரங்கள் போய்ச் சேருகின்றன.

இதே வரிசையை இன்னொரு தாளிலும் பார்க்கலாம். திருமணத் தகவல் மையத்துக்குக் கொடுக்கும் தாளிலும் அதன் பெயர் பயோடேட்டாதான். பிறந்த தேதிக்குப் பக்கத்தில் நட்சத்திரமும் ராசியும் சேரும். உயரமும் நிறமும் சேரும். தந்தை பெயரும் படிப்பும் முகவரியும் அப்படியே இருக்கும். பல வீடுகளில் இரண்டு தாள்களும் ஓராண்டு இடைவெளிக்குள், ஒரே மடிக்கணினியில் தயாராகின்றன. ஏழாம் பருவத்தில் ஒருத்திக்கு வேலை உறுதியானால் அந்தச் செய்தி இரண்டாம் தாளில் ஒரு வரியாக ஏறுகிறது: பி.இ., இ.சி.இ., ஐ.டி. கம்பெனியில் வேலை. சம்பளம் அவள் கைக்கு வருவதற்கு முன்பே அது அவளுடைய வரன் மதிப்பாகிவிடுகிறது.

வேலைத் தாளில் 'எந்த ஊரிலும் பணியாற்றத் தயார்' என்று ஒரு வரி உண்டு. டெம்ப்ளேட் தந்த வரி. மாணவர்களில் பலர் அதை யோசிக்காமல் எழுதிவிட முடிகிறது. மாணவி எழுதும்போது அந்த ஒரு வரிக்குப் பின்னால் அப்பா, பெரியப்பா, சென்னையில் இருக்கும் சித்தி வீடு, விடுதியின் கதவு மூடும் நேரம் என்று ஒரு கூட்டமே நிற்கிறது. ஆஃபர் லெட்டர் புணேயிலிருந்து வந்தால் போகலாமா என்பதை முடிவு செய்வது அவளாக இருக்காது. ரெஸ்யூம் கேட்கும் 'நான்' தனியாக முடிவெடுக்கக்கூடிய ஓர் ஆள். அந்த 'நான்' யாருக்கும் சமைக்கத் தேவையில்லாத, யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லாத ஓர் ஆணின் அளவுக்குத் தைத்த சட்டை. பெண் அதை அணிந்துகொண்டு, பொருந்துவதுபோல் நடிக்க வேண்டியிருக்கிறது.

யார் மகள்

ஸ்ரீரங்கத்தில் மார்கழி விடியலில் திருப்பாவை காதில் விழாமல் வளர்ந்தவர்கள் குறைவு. அந்த மாணவிகளிடம் அதன் முப்பதாம் பாசுரத்தை ஒருமுறை வேறு கண்ணால் படிக்கச் சொல்வேன். பாடியவள் அங்கே தன்னைப் பற்றிச் சொல்கிறாள். ஊரைச் சொல்கிறாள், தந்தையைச் சொல்கிறாள், கோதை என்று தன் பெயரைச் சொல்கிறாள். தான் செய்தது என்ன, அது எத்தனை பாடல், அதைச் சொல்பவருக்குக் கிடைப்பது என்ன என்பதையும் சொல்கிறாள். நாச்சியார் திருமொழியிலும் பதிகம்தோறும் இறுதியில் இப்படித் தன் முத்திரையை வைக்கிறாள். இன்றைய ரெஸ்யூம் பயிற்சியாளர் கேட்பதெல்லாம் அதில் இருக்கிறது.

அங்கே தந்தை பெயர் வருவது ஆண்டாளின் வினைக்கு முன்னால். பட்டர்பிரான் பெயர் அவள் எங்கிருந்து வந்தாள் என்று காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. சொன்னவள் அவள்தான், தொடுத்தவள் அவள்தான். நம் மாணவிகளின் தாளில் தந்தை பெயர் இருக்கிறது, அதற்குப் பின்னால் வர வேண்டிய வினை இல்லை. 'கற்றேன்', 'வடிவமைத்தேன்', 'சோதித்தேன்' என்று வர வேண்டிய இடத்தில் 'கடின உழைப்பாளி', 'நேர்மையானவள்', 'பொறுமைசாலி' என்ற பண்புப் பெயர்கள் நிற்கின்றன. இவை மருமகளுக்குச் சொல்லப்படும் குணங்கள். எந்த மின்சுற்றையும் இந்தச் சொற்களால் சோதிக்க முடியாது. தாயின் பெயரோ எங்கும் இல்லை.

பெயர் என்றதும் ஸ்ரீரங்கத்தின் இன்னொரு பொறியாளர் நினைவுக்கு வருகிறார். எஸ். ரங்கராஜன். திருச்சி புனித வளனார் கல்லூரியிலும் சென்னை எம்.ஐ.டி.யிலும் படித்து, பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்கேற்றவர். எழுத்துக்காக மனைவியின் பெயரை எடுத்துக்கொண்டார், 'சுஜாதா' ஆனார். அவருடைய எழுத்தின் மேன்மையைப் பற்றிய பேச்சு இல்லை இது. ஓர் ஆண் மனைவியின் பெயரைச் சூடிக்கொண்டால் அந்தப் பெயர் அவருடையதாகவே நிலைத்துவிடுகிறது, அவருடைய தன்விவரத்தில் எதுவும் குறைவதில்லை. ஒரு பெண் திருமணத்துக்குப் பிறகு இனிஷியலை மாற்றினால் மதிப்பெண் பட்டியலில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், கடவுச்சீட்டில் ஒரு பெயர் என்று ஆகி, தான் தானே என்று நிரூபிக்க அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குகிறாள்.

எங்கெல்லாம் தகும்

பிளேஸ்மென்ட் பயிற்சிக்கு வருபவர்கள் தவறாமல் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு: 'செல் யுவர்செல்ஃப்.' ஆங்கிலத்தில் அது சாதாரண வணிகப் பேச்சு. தமிழில் அதை ஒரு பெண்ணைப் பார்த்துச் சொல்லிப் பாருங்கள். தன்னை விற்பது என்ற தொடருக்கு நம் மொழியில் பெண்ணைப் பொறுத்தவரை ஒரே பொருள்தான், அது வசை. பயிற்சியாளர் அதை ஆங்கிலத்தில் சொல்லிக் கடந்துவிடுகிறார். கேட்பவளின் உடம்பு தமிழில் கேட்கிறது. அடுத்த நிமிடமே, மாணவிகள் துப்பட்டாவைப் பின் குத்தி, தலையை இறுகப் பின்னி, அளவாகச் சிரித்து அமர வேண்டும் என்ற உடைக் குறிப்பும் வந்துவிடுகிறது. விற்றுக்காட்டவும் வேண்டும், அடக்கமாகவும் இருக்க வேண்டும். இரண்டு கட்டளைக்கும் நடுவில் அவள் டெம்ப்ளேட்டைச் சரணடைவதில் வியப்பில்லை.

விற்பதைவிட நல்ல சொல் ஒன்று நம் இலக்கணத்தில் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலின் பாயிரப் பகுதி தற்புகழ்ச்சியைப் பற்றிப் பேசுகிறது. முதலில் விலக்கு: புதியன படைத்துப் பல துறைகளை முடித்தவரே ஆனாலும் தன்னைத் தான் புகழ்வது தகுதி ஆகாது. அடுத்த நூற்பாவிலேயே நான்கு இடங்களில் அது தகும் என்கிறார். அரசனுடைய அவைக்கு ஓலை விடுக்கும்போது. தன் ஆற்றலை அறியாதவர்கள் நடுவில் இருக்கும்போது. அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய பொழுதில். எதிராளி தன்னைப் பழிக்கும்போது.

இதை இறுதியாண்டு வகுப்பில் சொன்னால் யாரும் உரை எழுதித் தர வேண்டியதில்லை. முதலாவது விண்ணப்பம், இரண்டாவது நேர்முகத் தேர்வு, மூன்றாவது குழு விவாதம், நான்காவது வேண்டுமென்றே மட்டம் தட்டிப் பார்க்கும் ஹெச்.ஆர். சுற்று என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள். சிரிப்பு அடங்கிய பிறகு பேச வேண்டியது ஒன்று உண்டு. நன்னூல் இந்த அனுமதியைத் தருவது புலவனுக்கு. அந்தச் சொல்லுக்குள் பெண்ணை யாரும் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். ஒளவையும் வெள்ளிவீதியும் ஒக்கூர் மாசாத்தியும் பாடிய மொழியில் பிறந்த இலக்கணத்துக்கே அந்த நினைவு இல்லையென்றால், வீட்டில் "நீயே உன்னப் பத்திப் பேசாத" என்று கேட்டு வளர்ந்தவளுக்கு எங்கிருந்து வரும்? அவளுக்கு ஆங்கிலப் பயிற்சி தருவதற்கு முன்னால் இந்த அனுமதியை அவள் பெயருக்கு எழுதித் தர வேண்டும். செய்ததைச் செய்தேன் என்று சொல்வது பெருமையடிப்பு ஆகாது, விலை பேசுவதும் ஆகாது. ஓலை விடுக்கும் இடத்தில் அது முறை.

ப்ராஜெக்டில் யார் என்ன செய்தார்

செய்ததைச் சொல் என்றால், என்ன செய்ய விட்டார்கள் என்ற கேள்வி எழும். பொறியியல் ரெஸ்யூமின் உயிர் இறுதியாண்டு ப்ராஜெக்ட். மூன்று நான்கு பேர் சேர்ந்த குழு. நான் பார்த்த குழுக்களில் வேலைப் பிரிவினை திரும்பத் திரும்ப ஒரே மாதிரி அமைகிறது. சாலிடரிங், கோடிங், உதிரிபாகம் வாங்க வெளியே அலைவது மாணவர்களிடம். அறிக்கை எழுதுவது, படம் வரைவது, பி.பி.டி. தயாரிப்பது, ஸ்பைரல் பைண்டிங் போட்டுக் கையெழுத்து வாங்குவது மாணவிகளிடம். "நீங்க நீட்டா எழுதுவீங்க" என்பது பாராட்டு வடிவில் வரும் ஒதுக்கீடு. ஆய்வகம் மாலையில் திறந்திருந்தாலும் கல்லூரிப் பேருந்து கிளம்பிவிடும். விடுதி மாணவர்கள் இரவு அறையில் கூடி வேலையை முடிப்பார்கள். பெண்கள் விடுதி அதற்கு முன்பே பூட்டப்பட்டிருக்கும்.

நேர்முகத்தில் "இந்த ப்ராஜெக்டில் உங்கள் பங்கு என்ன" என்று கேட்கும்போது அவள் தடுமாறுகிறாள். திறமை இல்லை என்று குறித்துக்கொள்கிறார்கள். அது வீட்டின் வேலைப் பிரிவினை ஆய்வகத்துக்குள் வந்து எழுதிய மதிப்பெண் என்பது அந்தக் குறிப்பில் இருக்காது. ப்ராஜெக்டையே மொத்தமாகச் செய்து தரும் மையங்கள் தில்லை நகர்ப் பக்கம் உண்டு. பணம் கொடுத்து வாங்கினாலும் அதைப் பிரித்துக் கோத்துப் பார்க்கும் வாய்ப்பு முதலில் யாருக்குப் போகிறது என்பதில் மாற்றமில்லை.

அறிக்கை எழுதுவது சிறுமையான வேலையும் இல்லை. ஓர் இயந்திரம் எப்படி இயங்குகிறது, எங்கே பழுதாகிறது, எப்படிச் சோதித்தோம் என்பதைப் பிறருக்குப் புரிய எழுதுவது மென்பொருள் உலகில் தனித் தொழில். குழுவில் அவள் ஒருத்திதான் மொத்தத்தையும் தொடக்கம் முதல் முடிவு வரை எழுதிப் பார்த்தவள். அதை 'உதவினேன்' என்று எழுதாமல் 'தொழில்நுட்ப ஆவணத்தை எழுதினேன், சோதனை முடிவுகளைத் தொகுத்தேன்' என்று எழுதலாம். அதோடு, வேலையைச் சுழற்சி முறையில் பிரித்து, யார் எதைச் செய்தார் என்று வாரம்தோறும் பதிவேட்டில் குறிக்கச் சொல்வது வழிகாட்டும் ஆசிரியர்களின் பொறுப்பு. ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

எழுதப்படாத வேலை

ஸ்ரீரங்கம் சாத்தார வீதியில் பூச்சந்தை விடியும் முன்பே தொடங்கிவிடும். பூ வியாபாரம் செய்யும் வீட்டிலிருந்து படிக்க வந்த ஒரு மாணவி, மூன்று ஆண்டுகளாக வீட்டின் வரவு செலவைச் செல்பேசியில் அட்டவணை போட்டு வைத்திருந்தாள். எந்த நாளில் மல்லிகை எவ்வளவுக்குப் போனது, முகூர்த்த நாளுக்கு எத்தனை நாள் முன்னால் விலை ஏறத் தொடங்கும் என்று பார்த்துக் கொள்முதல் அளவைச் சொல்வது அவள்தான். அவளுடைய ரெஸ்யூமில் 'டேட்டா அனலிடிக்ஸ்' என்ற ஓர் இணையச் சான்றிதழ் இருந்தது. பூக்கணக்கு இல்லை. ஏன் எழுதவில்லை என்று கேட்டேன்.

"அது வேலை இல்லையே மேம். வீட்டுல செய்றது."

பெண்ணியம் இத்தனை ஆண்டுகளாகப் பேசிவரும் கூலியில்லா உழைப்பு என்பதன் முழு விளக்கமும் அந்த இரண்டு வாக்கியத்தில் இருக்கிறது. அரியமங்கலம், துவாக்குடி தொழிற்பேட்டைகளின் சிறு பட்டறைகளில் அப்பாவுக்காக ஜி.எஸ்.டி. பில் போடும் மகள்கள் இருக்கிறார்கள். அம்மாவின் மகளிர் சுயஉதவிக் குழுவுக்குப் பதிவேடு எழுதி, கடன் தவணையும் வட்டியும் கணக்கிட்டு, வங்கி மேலாளரிடம் பேசும் மகள்கள் இருக்கிறார்கள். அவர்கள் தாளில் பொழுதுபோக்கு என்ற இடத்தில் 'பாட்டுக் கேட்பது' இருக்கிறது. '15 உறுப்பினர் கொண்ட குழுவின் கணக்கை இரண்டு ஆண்டுகள் பராமரித்தேன்' என்ற வரி இல்லை. எண்ணும் காலமும் வினையும் சேர்ந்த அப்படி ஒரு வரி, இரண்டு நாள் பயிலரங்கில் கிடைத்த ஐந்து சான்றிதழை விட அதிகம் பேசும்.

இன்னொன்றும் எழுதப்படுவதில்லை. குடும்பத்தில் பட்டம் பெற்றவர் எவரும் இல்லை என்று வருவாய்த் துறை தரும் முதல் பட்டதாரிச் சான்றிதழ் 2010-11 முதல் தொழிற்கல்வியில் கல்விக் கட்டணச் சலுகைக்கு வழி செய்கிறது. 2021இல் வந்த சட்டம் அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியல் உள்ளிட்ட படிப்புகளில் 7.5 விழுக்காடு ஒதுக்கியது. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம் அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1000 ரூபாய் தருகிறது. அதே ஆண்டு மார்ச்சில் தொடங்கிய 'நான் முதல்வன்' திறன் பயிற்சியைக் கல்லூரிக்குள் கொண்டுவந்தது. அரசின் தாளில் முதல் தலைமுறை என்பது உரிமை. ரெஸ்யூமில் அது மறைக்க வேண்டிய விஷயமாகிவிடுகிறது. அரசுப் பள்ளியின் பெயரைச் சுருக்கெழுத்தில் எழுதுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தமிழ் வழியில் படித்து வந்தவள் முதல் பருவத்தில் இரண்டு அரியர் வைக்கிறாள். ஐந்தாம் பருவத்தில் வகுப்பின் முதல் வரிசைக்கு வந்துவிடுகிறாள். சி.ஜி.பி.ஏ. என்ற சராசரி இந்த ஏற்றத்தை அழித்து ஒரே எண்ணாக்கிவிடுகிறது. பத்தாம் வகுப்பிலிருந்து எல்லாவற்றிலும் 60 விழுக்காடு வேண்டும், அரியர் வரலாறே கூடாது, படிப்பில் இடைவெளி கூடாது என்று கேட்கும் நிறுவனங்கள் தொடக்கத்திலேயே ஆங்கிலப் பள்ளியில் நின்றவரை மட்டும் பார்க்கின்றன. பருவவாரியாக மதிப்பெண்ணை எழுது என்று சொல்லிக்கொடுப்பது இந்த மாணவிகளுக்கு மிகவும் பயன்படுகிறது. ஏறி வந்த படிகள் தாளில் தெரிய வேண்டும்.

படிக்கிற கண்

இவ்வளவையும் எழுதினால் போதுமா? போதாது. பயிற்சி வகுப்புகள் அத்தனையும் எழுதுபவளைத் திருத்துகின்றன. படிப்பவரைத் திருத்த யாரும் வகுப்பு எடுப்பதில்லை.

1974இல் டெல்கோ நிறுவனத்தின் விளம்பரம் பெண்கள் விண்ணப்பிக்க வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொன்னது. பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்தில் படித்துக்கொண்டிருந்த சுதா, பின்னாளில் சுதா மூர்த்தி, ஜே.ஆர்.டி. டாடாவுக்கு ஓர் அஞ்சலட்டை எழுதி அதைக் கேள்வி கேட்டு, பிறகு அதே நிறுவனத்தில் பணியும் பெற்றார். இன்று அப்படி யாரும் அச்சிடுவதில்லை. விலக்கு விளம்பரத்திலிருந்து வடிகட்டிக்குள் போய்விட்டது. 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம், ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் இணைப்பு வேலைக்குத் திருமணமான பெண்களை எடுக்காமல் ஒதுக்கியதாக எழுதியபோது, மத்திய தொழிலாளர் துறை தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. அது பொறியாளர் வேலை இல்லை. ஆனாலும் 'திருமணமாகாதவர்' என்ற வரியை எந்தக் கண் தேடுகிறது என்பது அதில் தெரிகிறது.

பெயரைப் படிக்கும் கண்ணும் உண்டு. சுகதேவ் தோரட்டும் பால் அட்வெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், நாளிதழ் விளம்பரங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினார்கள். உயர்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு விகிதம் 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. பெயருக்குப் பின்னால் சாதியை எழுதாத பழக்கத்தைச் சுயமரியாதை இயக்கம் நமக்குத் தந்தது. அந்தப் பழக்கத்தோடு, வகுப்பையும் மதத்தையும் கேட்காமலேயே 'சொந்த விவரங்களில்' எழுதி அனுப்பும் பழக்கமும் சேர்ந்து வாழ்கிறது.

மனிதக் கண்ணை நம்ப முடியாது என்று இயந்திரத்திடம் கொடுத்துப் பார்த்தார்கள். அமேசான் 2014 முதல் உருவாக்கிய ரெஸ்யூம் வடிகட்டும் மென்பொருள், முந்தைய பத்தாண்டு விண்ணப்பங்களைப் பார்த்துக் கற்றது. அவை பெரும்பாலும் ஆண்களுடையவை. 'மகளிர்' என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொல் இருந்தாலே அது மதிப்பைக் குறைத்தது, இரண்டு மகளிர் கல்லூரிகளின் பட்டதாரிகளையும் கீழே தள்ளியது என்று 2018இல் வெளிவந்தது. நிறுவனம் அதைக் கைவிட்டுவிட்டது. ஹோலி கிராஸும் சீதாலக்ஷ்மி ராமசுவாமியும் இருக்கும் ஊரிலிருந்து இந்தச் செய்தியைப் படிக்க வேண்டும். பல தலைமுறைப் பெண்களைப் படிக்க வைத்த ஒரு சொல்லை இயந்திரம் குறையாகக் கற்றுக்கொண்டது, அதற்குக் கற்பித்த தாள்கள் அப்படி இருந்ததால்தான்.

இயந்திரவியல் படித்த மாணவிக்குக் கதவு இன்னும் ஒடுங்கியது. 1960களில் பெல் தொழிற்சாலை வந்த பிறகு திருவெறும்பூர், துவாக்குடிப் பகுதியில் உலோகக் கட்டுமானப் பட்டறைகள் பெருகின. அங்கே பெண் பொறியாளரைக் கேட்டால் முதலில் வரும் பதில் ஷிஃப்ட், அடுத்தது கழிப்பறை இல்லை என்பது. பெண்களை இரவில் வேலைக்கு வைக்கத் தடை விதித்த தொழிற்சாலைகள் சட்டத்தின் பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000இலேயே செல்லாது என்றது. கழிப்பறை கட்டவும் வீடு வரை வண்டி விடவும் எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. 'ஷிஃப்டில் பணியாற்றத் தயார்' என்று அவளிடம் எழுதி வாங்குபவர்கள், 'ஷிஃப்டில் பெண்களை வைக்கத் தயார்' என்று தங்கள் பக்கம் எழுதித் தருவதில்லை.

அடிக்கப்பட்ட ஒரு சொல்

கிண்டி பொறியியல் கல்லூரியில் 1940களில் படித்து இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவரான அ. லலிதாவை இந்த இடத்தில் நினைக்க வேண்டும். சிறு வயதில் திருமணம், 18 வயதில் கைம்மை, கையில் பெண் குழந்தை. அதற்குப் பிறகுதான் மின்பொறியியல். அவருடைய சான்றிதழ் ஆணைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லோடு முன்கூட்டியே அச்சிடப்பட்டிருந்தது. அந்தச் சொல்லை அடித்துவிட்டுப் பெண்ணைக் குறிக்கும் சொல்லைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். பின்னர் கல்கத்தாவில் தனியார் மின்பொறியியல் நிறுவனத்தில் பணியாற்றியபோது பக்ரா நங்கல் அணையின் மின்கடத்தல் வேலைகளில் அவர் பங்கு இருந்தது. 1964இல் நியூயார்க்கில் நடந்த முதல் பன்னாட்டுப் பெண் பொறியாளர், அறிவியலாளர் மாநாட்டுக்கும் போனார். அவரோடு கிண்டியில் படித்த பி.கே. திரேசியா கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார்.

லலிதாவின் தந்தை அதே கல்லூரியில் பேராசிரியர். மகளைச் சேர்க்கச் சொல்லிப் பேச அவரால் முடிந்தது. அந்தத் தந்தைப் பெயர் கதவைத் திறந்தது. நம் மாணவிகளின் தந்தைப் பெயருக்கு அந்த வலு இல்லை. ஸ்ரீரங்கம் பெயரைத் தாங்கி, தீவுக்கு வெளியே சேதுராப்பட்டியில் 2013 முதல் நடக்கும் அரசு பொறியியல் கல்லூரிக்கு லால்குடியிலிருந்தும் துறையூரிலிருந்தும் பேருந்து மாறி வரும் ஒரு பெண்ணுக்கு, கல்லூரியின் பயிற்சி மையமும் ஆசிரியரும் சேர்ந்துதான் அந்த வலுவாக இருக்க முடியும். லலிதாவை இன்றைய விண்ணப்ப வடிகட்டிக்குள் போட்டால் படிப்பில் இடைவெளி, திருமணம், குழந்தை என்று மூன்று இடத்தில் விழுந்துவிடுவார் என்பதையும் நிறுவனங்களிடம் சொல்லிப் பார்க்கலாம்.

அச்சிட்ட படிவத்தில் ஒரு சொல்லை அடித்துத் திருத்த அன்று ஒரு கல்லூரிக்குக் கை வந்தது. இன்று திருத்த வேண்டியவையும் அப்படி எளியவைதான். தந்தை பெயர், திருமண நிலை, மதம், வகுப்பு, புகைப்படம் ஆகியவற்றைக் கல்லூரியின் பொது ரெஸ்யூம் வடிவத்திலிருந்து எடுத்துவிடலாம், இதற்கு யாருடைய ஆணையும் தேவையில்லை. ப்ராஜெக்டில் பங்கு என்ன என்ற வரியைக் கட்டாயமாக்கலாம். வீட்டுத் தொழிலிலும் ஊரிலும் செய்த வேலைக்கு ஒரு தலைப்பு ஒதுக்கலாம். வளாகத்துக்கு வரும் நிறுவனங்களிடம் பணியிடம், ஷிஃப்ட், போக்குவரத்து, மகப்பேறு விடுப்பு பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லி, அதை மாணவிகள் கையில் முன்கூட்டியே கொடுக்கலாம். ஓலை இரு பக்கமும் போகட்டும்.

பூக்கணக்கு எழுதிய மாணவி அந்த வரியைச் சேர்த்துவிட்டாள். நேர்முகத்தில் மற்ற எதையும்விட அதைப் பற்றித்தான் அதிக நேரம் கேட்டார்களாம். வேலை கிடைத்தது பெங்களூரில். போவதா என்று வீட்டில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.